பூட்டத் தெரியும்... திறக்கத் தெரியுமா?

கார் கதவு, டிக்கி, அலாரம்: வீட்டில் எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம்

திருநெல்வேலி மாவட்டம், பணகுடி அருகே லெப்பைக்குடியிருப்பு. 2022 ஜூன் 4-ம் தேதி, வீட்டருகே நிறுத்தியிருந்த காருக்குள் ஏறி விளையாடிய 3 குழந்தைகள், கதவைத் திறக்க முடியாமல் உள்ளேயே இறந்துபோனார்கள். மூவரில் பெரிய குழந்தைக்கே வயது 7. அதோடு இது நிற்கவில்லை. 2024 நவம்பரில் குஜராத்தின் அம்ரேலி மாவட்டத்தில் விவசாயக் கூலித் தொழிலாளியின் 4 பிள்ளைகள். 2025 மே மாதம் ஆந்திராவின் விஜயநகரம் அருகே துவாரபுடி கிராமத்தில் 4 குழந்தைகள். எல்லாமே சும்மா நின்றுகொண்டிருந்த கார்கள். எந்த வண்டியும் ஓடவில்லை; எதன் மீதும் மோதவில்லை.

கார் வாங்கப் போனால் மைலேஜ் கேட்கிறோம். சன் ரூஃப் இருக்கிறதா, டச் ஸ்க்ரீன் எவ்வளவு பெரிது என்று கேட்கிறோம். பின்கதவை உள்ளேயிருந்து எப்படித் திறப்பது என்று யாரும் கேட்பதில்லை. விற்பவரும் சொல்வதில்லை. எல்லா விவரமும் எழுதியிருக்கிற கையேடு, டாஷ்போர்டு பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் கிடக்கிறது.

பூட்டுக்கு இரண்டு வேலை. வெளியே இருக்கும் திருடனை உள்ளே விடாமல் தடுப்பது ஒன்று. உள்ளே இருக்கும் மனிதரை, வேண்டிய நேரத்தில் வெளியே விடுவது இன்னொன்று. முதல் வேலைக்கு ரிமோட், அலாரம், ஜி.பி.எஸ். என்று தாராளமாகச் செலவு செய்கிறோம். இரண்டாவது வேலையைப் பற்றி யோசிப்பதே இல்லை. ஆனால், திருடு போன வண்டிக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. திறக்காத கதவுக்குப் பின்னால் போன உயிருக்கு என்ன உண்டு? அதனால் இந்தக் கட்டுரை இரண்டாவது வேலையிலிருந்தே தொடங்குகிறது.

அரை மணி நேரம் போதும்

இந்த மரணங்களை 'மூச்சுத்திணறல்' என்றே செய்திகள் சொல்கின்றன. ஆனால், மூடிய காருக்குள் காற்று தீர்வதற்கு வெகு முன்பே வெப்பம் தன் வேலையைக் காட்டிவிடுகிறது. கலிஃபோர்னியாவில் கேதரின் மெக்லாரன், ஜான் நல், ஜேம்ஸ் குவின் ஆகியோர் வெயிலில் நிறுத்திய காருக்குள் அளவெடுத்து 2005-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் காருக்குள் வெப்பம் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறுகிறது. அதில் 80 சதவிகிதம் முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிடுகிறது. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவைத்தும் பார்த்தார்கள். பெரிய மாற்றம் இல்லை.

இதை நம் ஊர்க் கணக்கில் போட்டுப் பாருங்கள். வெளியே 35 டிகிரி என்றால், அரை மணி நேரத்தில் உள்ளே 50-ஐத் தாண்டிவிடும். பெரியவர்களைவிடக் குழந்தையின் உடம்பு 3 முதல் 5 மடங்கு வேகமாகச் சூடேறும் என்கிறது அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு. 'தூங்குற பிள்ளையை எதுக்கு எழுப்பணும், மருந்துக் கடைக்குப் போய்ட்டு அஞ்சு நிமிஷத்துல வந்துடலாம்' என்று இறங்குகிறோமே, அந்த ஐந்து நிமிடம் கடையில் கூட்டமிருந்தால் இருபதாகிவிடும்.

அப்படி ஒரு குழந்தை உள்ளே மாட்டிக்கொண்டதைப் பார்த்தால், ஸ்பேர் சாவி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108-க்கும் 101-க்கும் போன் செய்யச் சொல்லிவிட்டு, குழந்தையிடமிருந்து தள்ளியிருக்கும் பக்கக் கண்ணாடியின் கீழ் மூலையில் கனமான, கூரான பொருளால் அடித்து உடையுங்கள். முன் கண்ணாடியில் நேரத்தை வீணாக்க வேண்டாம். அது இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்துச் செய்தது, விரிசல் விடுமே தவிர விலகாது. குழந்தையை நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கண்ணாடியை மாற்றிக்கொள்ளலாம்.

கதவுக்குள் இருக்கும் கதை

ஏன் திறக்க முடியாமல் போகிறது? பூட்டு கெட்டுப்போனதால் அல்ல. பெரும்பாலும், பூட்டு எப்படி வேலை செய்ய வேண்டுமோ அப்படியே வேலை செய்ததால்தான்.

முதலில், சைல்டு லாக். உங்கள் காரின் பின்கதவைத் திறந்து, அதன் ஓரத்தைக் கவனியுங்கள். கதவைக் கவ்விப் பிடிக்கிற கொக்கிக்குப் பக்கத்தில், குழந்தைப் படம் பொறித்த சின்ன நெம்பு ஒன்று இருக்கும். சில கார்களில் நெம்புக்குப் பதிலாக, சாவி நுனியை விட்டுத் திருப்புகிற பள்ளம் இருக்கும். அதை ஒரு பக்கம் தள்ளிவிட்டால், உள்ளே இருக்கும் கைப்பிடி வெறும் அலங்காரமாகிவிடும். எத்தனை முறை இழுத்தாலும் கதவு திறக்காது. வெளிக் கைப்பிடி மட்டும் வேலை செய்யும். ஓடும் வண்டியில் பிள்ளை கதவைத் திறந்து விழுந்துவிடாமல் இருக்கச் செய்த நல்ல ஏற்பாடு அது. ஆனால், நின்ற வண்டியில் தனியாக ஏறிய பிள்ளைக்கு அதுவே சிறை. பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிற பாட்டிக்கும் அப்படித்தான். அந்த நெம்பு இப்போது எந்தப் பக்கம் இருக்கிறது என்று காரின் சொந்தக்காரருக்கே பல நேரம் தெரியாது. வாட்டர் வாஷுக்கு விட்ட இடத்தில்கூடத் தட்டுப்பட்டு மாறியிருக்கலாம்.

அடுத்தது, சென்ட்ரல் லாக். ஒரு பட்டனைத் தட்டினால் ஒவ்வொரு கதவுக்குள்ளும் இருக்கும் சின்ன மோட்டார் பூட்டின் நெம்பை நகர்த்தும். இதில் நாம் கவனிக்காத இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒன்று, வேகம் கூடியதும் பல கார்கள் தாமாகவே பூட்டிக்கொள்ளும். இன்னொன்று, ரிமோட்டில் திறந்துவிட்டு அரை நிமிடம்போல் எந்தக் கதவையும் திறக்காவிட்டால், கார் மறுபடி தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். 'நான் திறந்துதானே வச்சிருந்தேன்' என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் திறந்தார், கார் பூட்டிக்கொண்டது.

மூன்றாவது, பேட்டரி. வெளியூர் போனவர் மாதக்கணக்கில் நிறுத்திவைத்த கார் என்றால் பேட்டரி இறங்கியிருக்கும். அப்போது பவர் விண்டோ இறங்காது, சென்ட்ரல் லாக் பட்டன் கேட்காது, ஹாரனும் அடிக்காது. உள்ளே இருப்பவருக்கு மிச்சமிருப்பது கையால் திறக்கிற வழி ஒன்றுதான்.

அந்த வழியைச் சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2019 ஜூலை 1-க்குப் பிறகு இந்தியாவில் தயாராகும் கார்களில் ஓட்டுநர் ஏர்பேக், சீட் பெல்ட் எச்சரிக்கை, வேக எச்சரிக்கை, ரிவர்ஸ் சென்சார் ஆகியவற்றோடு, சென்ட்ரல் லாக்கைக் கையாலேயே மீறித் திறக்கும் வசதியும் இருக்க வேண்டும் என்பது விதி. மின்சாரம் முழுக்கப் போனாலும் உள்ளே இருப்பவர் வெளியே வர வேண்டும் என்பதே நோக்கம். சில கார்களில் முன்கதவின் உள்கைப்பிடியை ஒரு முறை இழுத்தால் பூட்டு விலகிக் கதவும் திறந்துவிடும். சிலவற்றில் இரண்டு முறை இழுக்க வேண்டும்: முதல் இழுப்புக்குப் பூட்டு விலகும், இரண்டாவதுக்குக் கதவு. வேறு சிலவற்றில் பூட்டுக் குமிழை முதலில் விரலால் நகர்த்த வேண்டும். உங்கள் கார் இதில் எந்த வகை? இன்றைக்கே உள்ளே உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டிய பாடம் இதிலிருந்துதான் வருகிறது. சைல்டு லாக் பின்கதவுக்கு மட்டும்தான், முன்கதவுக்குக் கிடையாது. 'கண்ணு, எப்பவாவது காருக்குள்ள மாட்டிக்கிட்டா பின்னாடியே உட்கார்ந்து அழாதே. முன்சீட்டுக்கு ஏறிப் போ. அந்தக் கைப்பிடியை இழு. திறக்கலைன்னா ஹாரனை விடாம அமுக்கு.' இதை வாயால் சொன்னால் மட்டும் போதாது. நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு, நிழலில் நிறுத்திய காரில், பிள்ளை தன் கையால் திறக்கும்வரை பழக்க வேண்டும். நான்கு, ஐந்து வயதுப் பிள்ளையின் விரலுக்குச் சில கைப்பிடிகள் ரொம்ப இறுக்கமாக இருக்கும் என்பது அப்போதுதான் உங்களுக்கே தெரியும். தெரிந்துவிட்டால் சாவியைப் பிள்ளை கைக்கு எட்டாத ஆணியில் மாட்டுவீர்கள். வீட்டுக்கு முன்னால் நிற்கிற காரையும் மறக்காமல் பூட்டுவீர்கள்.

இன்னொரு வகைப் பூட்டும் உண்டு. சில ஐரோப்பிய நிறுவனக் கார்களில், வெளியிலிருந்து ரிமோட்டால் பூட்டினால் உள்கைப்பிடிகள் எல்லாமே செயலிழந்துவிடும். கண்ணாடியை உடைத்துக் கையை விட்டாலும் திருடனால் கதவைத் திறக்க முடியாது என்பதற்காகச் செய்தது. உள்ளே ஆள் இருக்கும்போது அப்படிப் பூட்டினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்த வகைக் கார்களின் கையேட்டில் இதற்குத் தனி எச்சரிக்கையும், அந்தக் கூடுதல் பூட்டை மட்டும் விலக்கும் வழியும் இருக்கும். படித்துவிடுங்கள்.

வாடகைக் காரில் இரவு நேரத்தில் தனியாகப் போகிற பெண்களுக்கு ஒரு தகவல்: 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான வாடகைக் கார்களில் சைல்டு லாக் இருக்கக் கூடாது. பயணி உள்ளே அடைபடக் கூடாது என்பதற்காகவே கொண்டுவந்த விதி அது. ஏறுவதற்கு முன் பின்கதவின் ஓரத்தை ஒரு பார்வை பார்ப்பதில் எந்தத் தவறும் இல்லை. நேர்மையான ஓட்டுநர் யாரும் அதற்காக வருத்தப்பட மாட்டார்.

டிக்கிக்குள் ஒரு கைப்பிடி

1995 அக்டோபர். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ. ஜேனட் ஃபென்னல் என்ற பெண்ணும் அவருடைய கணவரும் வீட்டுக்குத் திரும்பியபோது கொள்ளைக்காரர்களிடம் சிக்கினார்கள். இருவரையும் அவர்கள் காரின் டிக்கியிலேயே போட்டு மூடிக் கடத்திப் போனார்கள். பணத்தைப் பிடுங்கிக்கொண்டு, டிக்கிக்குள் அப்படியே விட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். இருட்டில் தடவித் தடவி, கைக்குக் கிடைத்த ஒயரையெல்லாம் இழுத்துப் பார்த்ததில், டிக்கியைத் திறக்கும் கேபிள் ஜேனட்டின் கையில் சிக்கியது. உயிர் தப்பினார்கள்.

பிழைத்தது போதும் என்று ஜேனட் இருந்துவிடவில்லை. டிக்கிக்குள் மாட்டுபவர் எவரும் அதிர்ஷ்டத்தை நம்பியிருக்கக் கூடாது என்று இயக்கம் நடத்தினார். 1998 கோடையில் சில வாரங்களுக்குள் 11 குழந்தைகள் டிக்கிகளில் மாட்டி இறந்தபோது அமெரிக்க அரசு விழித்துக்கொண்டது. 2001 செப்டம்பர் 1 முதல், அங்கே தயாராகும் கார்களின் டிக்கிக்குள் உள்ளேயிருந்து திறக்கும் கைப்பிடி இருந்தே ஆக வேண்டும். இருட்டிலும் ஒளிரும்படி செய்யப்பட்ட அந்தக் கைப்பிடியில், டிக்கி திறந்து ஓர் ஆள் வெளியே ஓடுகிற படம் போட்டிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைக்கும் புரிகிற படம்.

நம் ஊர் செடான்களில் எல்லாம் அது இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். டிக்கியைத் திறந்து, மூடியின் உட்பக்கத்தைப் பாருங்கள். இல்லையென்றால், பின்சீட்டின் சாய்மானத்தை மடக்கி டிக்கிக்குள் போக முடியுமா என்று பாருங்கள். கண்ணாமூச்சி விளையாடுகிற பிள்ளை அந்த வழியாகத்தான் உள்ளே போகும். தெரிந்தால் அந்த வழியாகவே வெளியேயும் வரும். ஹேட்ச்பேக்கில் இந்த ஆபத்து குறைவு. பின்னாலிருக்கிற பலகையைத் தள்ளினால் சீட்டுப் பக்கம் வந்துவிடலாம்.

டிக்கி விஷயத்தில் வேறு இரண்டு பழக்கங்களும் தேவை. சாவியை உள்ளே வைத்துவிட்டு மூடியைத் தட்டுவது நாம் அடிக்கடி செய்வது. கீலெஸ் கார்களில் பல, சாவி உள்ளே இருப்பதை உணர்ந்து பூட்ட மறுக்கும். எல்லாக் காரும் அப்படியல்ல. அதனால் இடது கையில் பை, வலது கையில் சாவி என்று ஒரே வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது: கடற்கரையிலோ கோயில் வாசலிலோ காரை நிறுத்திய பிறகு, லேப்டாப் பையை எடுத்து டிக்கியில் வைக்காதீர்கள். அங்கே எவனாவது பார்த்துக்கொண்டிருந்தால் எங்கே வைத்தீர்கள் என்று அவனுக்கு நீங்களே காட்டிக்கொடுத்த மாதிரி. வைப்பதானால் வீட்டிலிருந்து கிளம்பும்போதே வைத்துவிடுங்கள்.

தண்ணீர் சூழ்ந்தால்

மழைக்காலத்தில் சென்னையின் கணேசபுரம், துரைசாமி சுரங்கப்பாதைகள் நிரம்புவது நமக்குப் பழகிப்போன செய்தி. 2023 மே மாதம் பெங்களூரு கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் கார் மூழ்கி ஓர் இளம்பெண் இறந்தார். 2024 செப்டம்பரில் ஃபரிதாபாத் சுரங்கப்பாதையில் வங்கி ஊழியர்கள் 2 பேர் போனார்கள்.

வெளியே தண்ணீர் நிற்கும்போது அதன் அழுத்தம் கதவை வெளியிலிருந்து அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பூட்டைத் திறந்தாலும் கதவு நகராது. கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தில் கார்களைத் தண்ணீரில் இறக்கிப் பரிசோதித்த கார்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் வழி எளிது: சீட் பெல்ட்டைக் கழற்று, ஜன்னலை இறக்கு, பிள்ளைகளை முதலில் வெளியே விடு, நீயும் வெளியேறு. எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். முதல் நிமிடத்தில் போன் செய்யக் கூடாது, கதவோடு மல்லுக்கட்டவும் கூடாது. பவர் விண்டோ அந்த நேரத்தில் பெரும்பாலும் வேலை செய்யும், தாமதித்தால் செய்யாது.

கண்ணாடி உடைக்கும் சின்னச் சுத்தியலை வாங்கிக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது நல்லது. ஆனால், அமெரிக்காவின் ஏ.ஏ.ஏ. என்ற வாகன ஓட்டிகள் அமைப்பு 2019-ல் இப்படிப்பட்ட 6 கருவிகளைச் சோதித்தது. சாதாரணப் பக்கக் கண்ணாடியை 4 கருவிகள் உடைத்தன; படலம் வைத்த பக்கக் கண்ணாடியை ஒன்றுகூட உடைக்கவில்லை. உங்கள் காரின் பக்கக் கண்ணாடி எந்த வகை என்பது அதன் மூலையில் அச்சிட்டிருக்கும்.

திருடன் வரும் வழிகள்

இனி, பூட்டின் முதல் வேலை. நம் ஊரில் கார் கதவு வழியாக நடக்கிற திருட்டுக்குப் பெரும்பாலும் எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை. வங்கியில் பணம் எடுத்துக்கொண்டு வருகிறீர்கள். ஒருவன் கண்ணாடியைத் தட்டி, 'சார், உங்க பணம் கீழே விழுந்து கிடக்குது' என்கிறான். குனிந்து பார்த்தால் நாலைந்து பத்து ரூபாய்த் தாள்கள். இறங்கிப் பொறுக்குகிறீர்கள். அந்தப் பக்கக் கதவு வழியாகப் பை போய்விடுகிறது. 'ஆயில் ஒழுகுது சார்', 'டயர் பஞ்சர் சார்' என்று வசனம் மாறும், வேலை ஒன்றுதான். மருந்தும் ஒன்றுதான். எதற்காக இறங்கினாலும், அரை நிமிடம் என்றாலும், சாவியோடு இறங்கி எல்லாக் கதவையும் பூட்டுங்கள்.

இரண்டாவது, ரிமோட் சமாச்சாரம். 1982-ல் ஃபிரான்ஸின் ரெனோ ஃபுவேகோ காரோடு ரிமோட் பூட்டு சந்தைக்கு வந்தது. பிறகு பரவிய ரிமோட்டுகள் பலவும் ஒவ்வொரு முறையும் ஒரே குறியீட்டையே அனுப்பின. அதைப் பதிவு செய்து திரும்ப அனுப்பினால் கார் திறந்துவிடும். இதைத் தடுக்க, ஒவ்வொரு அழுத்தலுக்கும் குறியீடு மாறுகிற முறை வந்தது. அதனால் திருடர்கள் வேறு வழி பிடித்தார்கள்: நீங்கள் பட்டனை அமுக்குகிற நேரத்தில் ரேடியோ அலையைக் குழப்பிவிடுவது. பட்டனை அமுக்கிவிட்டு நீங்கள் நடந்துவிடுவீர்கள். கார் பூட்டியே இருக்காது. இதற்கு எந்தக் கருவியும் வாங்க வேண்டாம். இண்டிகேட்டர் மின்னுகிறதா என்று பாருங்கள். கைப்பிடியை ஒரு முறை இழுத்துப் பாருங்கள்.

மூன்றாவது, கீலெஸ் கார். சாவி பாக்கெட்டில் இருக்க, பக்கத்தில் போனாலே கதவு திறக்கும். சுவிட்சர்லாந்தின் இ.டி.ஹெச். சூரிச் ஆய்வாளர்கள் 2011-ல் 8 நிறுவனங்களின் 10 மாடல்களைச் சோதித்தார்கள். ஒருவர் சாவிக்குப் பக்கத்தில் ஓர் ஆன்டெனாவோடு, இன்னொருவர் காருக்குப் பக்கத்தில் ஓர் ஆன்டெனாவோடு நின்று, சாவியின் அலையை அங்கிருந்து இங்கே கடத்தினால் போதும். பத்து கார்களுமே ஏமாந்தன. சாவி உங்கள் வீட்டு வரவேற்பறை மேஜையில் இருக்கும். வாசலில் கார் திறந்துகொள்ளும். இன்று சில நிறுவனங்கள், அசையாமல் கிடந்தால் தூங்கிவிடும் சாவியும், தூரத்தைத் துல்லியமாக அளக்கும் அல்ட்ரா வைட்பேண்ட் சாவியும் தருகின்றன. பழைய கீலெஸ் கார் வைத்திருப்பவர், அலையைத் தடுக்கும் உலோக இழைப் பையில் சாவியைப் போட்டு வைக்கலாம். பை நல்லதுதானா என்று அறிய, சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு காரருகே நின்று கதவைத் திறந்து பாருங்கள். திறந்தால் பையைக் கடையில் திருப்பிக் கொடுங்கள்.

இதையும் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். 2022-ல் லண்டனில் இயன் டேபர் என்ற பாதுகாப்பு ஆய்வாளரின் டொயோட்டா காரே திருடு போனது. முன்விளக்குப் பக்கமாக ஒயரைப் பிடித்து, காரின் உள்தொடர்புக்குள் பொய்த் தகவலைச் செலுத்தியிருக்கிறார்கள் என்பதை அவரும் கென் டிண்டெல் என்ற நிபுணரும் கண்டுபிடித்தார்கள். சாஃப்ட்வேரை சாஃப்ட்வேரால் ஏமாற்றலாம். இரும்பை ஏமாற்ற முடியாது. கியர் லாக், ஸ்டீயரிங் லாக் என்று நம் ஊர் அக்சசரீஸ் கடைகளில் தொங்கும் கனத்த பூட்டுக்கு இன்றும் மதிப்பு இருப்பது அதனால்தான்.

அலாரம் அலறுகிறது, யார் பார்க்கிறார்கள்?

டாஷ்போர்டில் சிவப்பாக ஒரு சின்ன விளக்கு மின்னிக்கொண்டிருந்தால், காவல் அமைப்பு விழித்திருக்கிறது என்று பொருள். அதில் இரண்டு தனித்தனி வேலைகள் உண்டு. இம்மொபிலைசர் சத்தம் போடாது. சாவிக்குள் இருக்கும் சிப்பை அடையாளம் கண்டால்தான் என்ஜினை ஓடவிடும். அலாரம் சத்தம் போடும். ஆனால், வண்டியைத் தடுத்து நிறுத்தாது. காரை நிறுத்தி வைப்பது இம்மொபிலைசர், ஊரைக் கூட்டுவது அலாரம்.

அலாரங்களிலும் இரு வகை. கதவு, பானெட், டிக்கி திறந்தால் மட்டும் அலறுவது ஒன்று. காருக்குள் ஏதாவது அசைந்தாலே அலறுவது இன்னொன்று. இரண்டாவது வகைக் காரில் ஜன்னலைச் சற்றுத் திறந்துவைத்தாலோ, கண்ணாடியில் பொம்மை தொங்கினாலோ வீண் கூச்சல் வரலாம். முதல் வகையில் வீண் கூச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் பானெட்டுக்கு அடியில் இருக்கும் சின்ன ஸ்விட்ச். அதில் தூசி அடையும், மழைநீர் இறங்கும், எலி ஒயரைக் கடித்திருக்கும். இறங்கிப்போன பேட்டரியும் காரணமாகலாம். ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டினால் சரியாகிவிடும் இந்தக் கோளாறை, 'அது எப்பவும் அப்படித்தான் கத்தும்' என்று விட்டுவிடுகிறோம். தினமும் கத்துகிற அலாரத்தை, நிஜமான திருடன் வருகிற இரவில் தெருவில் யாரும் எழுந்து பார்க்க மாட்டார்கள்.

வெளிக்கடையில் அலாரம் பொருத்துவதானால், கார் ஒயரை வெட்டி ஒட்டவிடாதீர்கள். வெட்டிய ஒயர் ஷார்ட் சர்க்யூட்டுக்கு வழி, வாரண்டிக்கும் சிக்கல். கப்ளர் வைத்துப் பொருத்துகிற வகையைக் கேளுங்கள்.

ரிமோட் வேலை செய்யாத இரவு

ரிமோட்டில் பெரும்பாலும் சி.ஆர். 2032 போன்ற வட்ட பேட்டரிதான் இருக்கும். அது தீர்ந்தால் கார் கைவிட்டுவிடாது. கீலெஸ் சாவியின் ஓரத்தில் சின்ன விடுவிப்பான் இருக்கும். அதைத் தள்ளினால் உள்ளேயிருந்து ஒரு மெல்லிய இரும்புச் சாவி வெளியே வரும். சில கார்களில் ஓட்டுநர் பக்கக் கைப்பிடியின் ஓரத்து மூடிக்கு அடியில் சாவித் துவாரம் ஒளிந்திருக்கும். அந்தச் சாவியால் திறந்தால் அலாரம் அலறலாம். பயப்பட வேண்டாம். காரைப் பொறுத்தவரை, ரிமோட் இல்லாமல் யாரோ திறந்திருக்கிறார்கள். உள்ளே உட்கார்ந்து, ரிமோட்டை ஸ்டார்ட் பட்டன் மீதே ஒட்டிவைத்து அமுக்குங்கள். சாவிக்குள் இருக்கும் சிப்புக்கு பேட்டரி தேவையில்லை என்பதால் பல கார்களில் என்ஜினும் ஓடும், அலாரமும் அடங்கும். ரிமோட்டை ஒட்டிவைக்கிற இடம் சில கார்களில் மாறும், கையேட்டில் இருக்கும்.

இரண்டாவது சாவியை வீட்டில் பத்திரமாக வையுங்கள். கார் திருடு போனால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் கேட்கும் முதல் பொருள்களில் ஒன்று, இரண்டு அசல் சாவிகளும்தான். ஒன்று தொலைந்திருந்தால் அப்போதே எழுத்தில் பதிவு செய்துவைப்பது பின்னால் உதவும். வண்டி போனது தெரிந்ததும் தாமதிக்காமல் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும். போலீஸில் உடனே புகார் கொடுத்திருந்தால், இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்வதில் ஏற்பட்ட தாமதத்தை மட்டும் காரணம் காட்டி க்ளெய்மை நிராகரிக்க முடியாது என்று குர்ஷிந்தர் சிங் வழக்கில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி

வீட்டில் எல்லோரும் சேர்ந்து, காரை நிழலில் நிறுத்தி, இவற்றைச் செய்து பாருங்கள்:

• காரைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து, ஒவ்வொரு கதவையும் பட்டன் தொடாமல் கையால் திறந்து பாருங்கள்.

• பின்கதவுகளின் சைல்டு லாக் நெம்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். சின்னப் பிள்ளைகள் இல்லாத வீடு என்றால் விலக்கிவிடுங்கள்.

• பிள்ளைகள் முன்சீட்டுக்கு ஏறிக் கதவைத் திறக்கவும், ஹாரன் அடிக்கவும் பழகட்டும். தாத்தா, பாட்டியும் பழகட்டும்.

• டிக்கிக்கு உள்கைப்பிடி உண்டா, பின்சீட்டு மடங்குமா என்று பாருங்கள்.

• ரிமோட்டுக்குள் இருக்கும் இரும்புச் சாவியை வெளியே எடுத்து, கதவை அதால் திறந்து பாருங்கள். வருடக்கணக்கில் தொடாத துவாரம் இறுகியிருக்கும்.

• கைப்பையையோ போனையோ பின்சீட்டில் வைக்கும் பழக்கம் கொள்ளுங்கள். இறங்கும்போது பின்சீட்டைப் பார்க்காமல் போக முடியாது.

இனி யார் என்ன செய்ய வேண்டும்?

ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பிடும் யூரோ என்கேப் அமைப்பு, காருக்குள் விடப்பட்ட குழந்தையை உணர்ந்து எச்சரிக்கும் கருவிக்கு 2023 முதல் மதிப்பெண் தருகிறது. அதே ஆண்டு நம் நாட்டில் அதே போன்ற பாரத் என்கேப் தொடங்கியது. வெயில் நம் ஊரில்தான் அதிகம். அந்தக் கருவிக்கு இங்கேதான் முதல் மரியாதை கிடைக்க வேண்டும். இருட்டில் ஒளிரும் டிக்கிக் கைப்பிடி, கார் விலையோடு வைத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லாத செலவு. நம் செடான்கள் எல்லாவற்றிலும் அதைக் கட்டாயமாக்க அரசு தயங்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை. கதவையும் டிக்கியையும் பற்றிய பக்கங்களையாவது படங்களோடு தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு காரோடும் தரும் கடமை நிறுவனங்களுக்கு உண்டு.

அதுவரை, கேட்கும் பொறுப்பு நம்முடையது. புதுக் கார் டெலிவரி எடுக்கும் நாளில் மாலை போடுகிறார்கள், ஃபோட்டோ எடுக்கிறார்கள், கேக் வெட்டுகிறார்கள். எல்லாம் நடக்கட்டும். சாவியை வாங்கும் முன் விற்பனையாளரை உங்களோடு காருக்குள் உட்காரச் சொல்லுங்கள். பேட்டரி இறங்கினால் இந்தக் கதவு எப்படித் திறக்கும், டிக்கிக்குள் மாட்டினால் எப்படி வெளியே வருவது, அலாரத்தை எப்படி நிறுத்துவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பிள்ளைகள் கையாலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். அவருக்குத் தெரியவில்லையென்றால், தெரிந்தவரை அழைத்து வரச் சொல்லுங்கள். லட்சக்கணக்கில் கொடுத்துக் கார் வாங்குகிறவருக்கு அந்தப் பத்து நிமிடத்தைக் கேட்கும் உரிமை முழுதாக உண்டு.